சராசரியும் நடுவுநிலைமையும்

நீர்ப்பங்கீடு முன்னாளில் வாய்க்கால் வரம்பில் நின்று தீர்க்கப்பட்ட வழக்கு. இந்நாளில் அது கணினியிலே தீர்க்கப்படுகின்றது. மழை, வரத்து, கொள்ளளவு, தேவை என்பவற்றை எண்களாக்கி, எவருக்கு எப்போது எவ்வளவு நீர் விடலாமென ஆராயும் கணித மாதிரிகளை எந்திரிகள் ஆக்குகின்றனர். இம்முறை வேண்டற்பாலதே. ஆயினும், எண் பக்கஞ் சாராது என்னும் நம்பிக்கை ஆராயற்பாலது.

மாதிரி கணக்கிடத் தொடங்குமுன், மனிதர் அதற்கொரு குறிக்கோளைக் கொடுக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் 1936 ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம், பயன் எவரைச் சேரினும் அது செலவை விஞ்சுதல் வேண்டுமென வகுத்தது. மொத்தப் பயனே அளவுகோலாயிற்று. 1962 இல் ஹாவாட் சர்வகலாசாலை அறிஞர் வெளியிட்ட நீர்வள அமைப்பு நூலோ, பயன் எவரைச் சேர்கின்றது என்பதையும் குறிக்கோளாகக் கொள்ளலாமெனக் காட்டிற்று. எனவே, நீதி கணக்கிற்குப் புறம்பானதன்று. சேர்ப்பார் சேர்த்தால் அது கணக்கினுள் அடங்கும்.

இரு வயல்களை எண்ணுக. தேவையில் நூற்றுக்கு 80 பங்கு நீர் இரண்டிற்கும் கிடைப்பினும், ஒன்றிற்கு 100 உம் மற்றதற்கு 60 உம் கிடைப்பினும் சராசரி 80 தான். கருகிய வயலுக்குரியவனிடம் சராசரியைக் கூறி என் பயன்? சராசரி வேறு, வள்ளுவர் தனியதிகாரம் வகுத்த நடுவுநிலைமை வேறு.

இரணைமடு வழக்கும் இத்தகையதே. அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொணரும் நோக்குடைய திட்டத்திற்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடனுதவ இசைந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். வற்றாத ஆறில்லாத குடாநாட்டின் தாகமும் மெய். சிறுபோகத்துக்கு நீர் போதாதவரின் அச்சமும் மெய். ஈற்றில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. குளத்தின் சராசரி வரத்து மட்டும் இத்தகைய வழக்கைத் தீர்க்காது. மழை பொய்த்த ஆண்டில் முதலில் எவர் வாய்க்கால் மூடப்படும் என்பதே வினா.

நீதியை அளத்தல் அரிதென்பர். அரிதே, ஆனால் குறையை அளத்தல் எளிது. எவருக்கு, எத்தனை ஆண்டுக்கொருமுறை, எவ்வளவு நீர் குறையும் என்பதை ஒவ்வொரு நீர்த்திட்டமும் பகிரங்கமாக அட்டவணையிட்டுக் காட்டுதல் வேண்டும். குறிக்கோளை வகுக்கும்போதே குறையைச் சுமப்போரும் உடனிருத்தல் வேண்டும். முடிவெடுத்தபின் அவர்களை அழைத்து விளக்குவது கலந்தாலோசனையாகாது.

எமது கல்லூரியிற் கணிதம் பயில்வோருட் பலர் நாளை எந்திரிகளாவர். விடை சரியோ என்று மட்டுமன்றி, அவ்விடையால் எவர் வயல் காயும் என்றும் வினவ அவர்கள் பழகுவாராக.