வானில் மட்டுமன்று, வகுப்பறையிலும்

அறிவியல் மனிதனுக்கு அளித்த சாதனங்களுள் இன்று எம்மை விட்டு ஒரு கணமும் பிரியாதிருப்பது கைத்தொலைபேசியே எனலாம். கடல் கடந்து வாழும் எம்மவர்க்கு அது வெறும் சாதனமன்று; தாயின் குரலும் தாயகத்தின் செய்தியும் வந்து சேரும் வாயில். அவ்வாயிலைச் சில மணி நேரம் நாமாகவே அடைத்து வைக்கும் வழியொன்றும் அச்சாதனத்துள்ளேயே அமைந்திருக்கிறது. 'பிளைட் மோட்' என வழங்கும் விமானப் பயன்முறையே அது. விமானத்தில் மனமின்றி அழுத்தி, இறங்கியதும் முதல் வேலையாக விலக்கிவிடும் அந்தப் பொத்தானைப் பற்றித் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரில் எழுத என்ன இருக்கிறது என வாசகர் வினவக்கூடும். நிறையவே இருக்கிறது என்பது எமது கருத்து.

விமானத்தில் இவ்விதி எதற்கு என்பதை முதலில் நோக்குவோம். "இச்சிறு தொலைபேசி இத்துணைப் பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?" எனக் கேட்போர் எம்மிடையே பலர். 1991ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம், பறக்கும் விமானங்களில் அக்காலக் கைத்தொலைபேசிகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அத்தடையின் முதன்மை நோக்கம் விமானத்தைக் காப்பதன்று. தரையிலுள்ள தொலைபேசி வலையமைப்பைக் காப்பதே. தரையில் நிற்பவரின் தொலைபேசி அருகிலுள்ள ஓரிரு கோபுரங்களுடனேயே பேசும். வானில் உயர்ந்து செல்லும் தொலைபேசியோ ஒரே வேளையில் எண்ணற்ற கோபுரங்களை எட்டி, கீழே பேசிக்கொண்டிருப்போரின் தொடர்புகளைக் குழப்பிவிடும் என அவர்கள் அஞ்சினர்.

விமானத்தின் பாதுகாப்பு இரண்டாவது காரணம். கோபுரம் எட்டாத தொலைவுக்குச் செல்லும் தொலைபேசி, அதனைத் தேடித் தன் அலைபரப்பின் வலுவைக் கூட்டிக்கொண்டே போகும். முன்னைய இரண்டாம் தலைமுறைத் தொலைபேசிகள் வினாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக அலைகளை வெளியிட்டன. அழைப்பு வருமுன் அருகிலிருந்த வானொலிப் பெட்டி 'கிர்ர், கிர்ர்' என இரைந்ததை எம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதே இரைச்சல் விமானியின் காதணி ஒலிவாங்கியிலும் கேட்கக்கூடியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கட்டளையைக் கேட்டுத் தரையிறங்கும் வேளையில் ஒரு சொல் மறைந்தாலும் அது சிறு விடயமன்று.

பயணியொருவரின் தொலைபேசியினாலேயே பெரிய பயணிகள் விமானம் ஒன்று வீழ்ந்தது என ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதில்லை என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். எனினும் 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச் நகருக்கு அருகே சிறு விமானமொன்று வீழ்ந்து எண்மர் உயிரிழந்தபோது, விமானியின் சொந்தக் கைத்தொலைபேசி அவரது வழிகாட்டும் கருவியைக் குழப்பியிருக்கலாம் என்ற சாத்தியத்தை விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர். அதனை அவர்கள் முடிந்த முடிபாகக் கூறவில்லை, ஆயினும் புறக்கணிக்கவுமில்லை.

காலப்போக்கில் விதிகள் தளர்ந்தன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டில் இங்கு அவுஸ்திரேலியாவிலும், புறப்படுவது முதல் தரையிறங்கும் வரை விமானப் பயன்முறையில் தொலைபேசிகளை வைத்திருக்க அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அதனினும் ஒரு படி மேலே சென்று, முடிவை விமான நிறுவனங்களின் சோதனைக்கே விட்டுவிட்டனர். மறுபுறத்தில், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஐந்தாம் தலைமுறை வலையமைப்புத் தொடங்கியபோது, தரையிலிருந்து விமானத்தின் உயரத்தை அளக்கும் வானொலிக் கருவிக்கு இடையூறு நேருமோ எனப் பெரும் சர்ச்சை எழுந்தது. விமான நிலையங்களைச் சூழ அலைபரப்பை மட்டுப்படுத்திய பின்னரே அச்சேவை தொடங்கிற்று. எனவே இவ்விதி பழங்கதையுமன்று, மாறாத வேதமுமன்று. முந்நூறு பேர் ஒரே கூட்டினுள் உயிரை ஒப்படைத்துச் செல்லும்போது, ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுத்தலே அதன் உட்பொருள். 'என் ஒருவனால் என்ன நேர்ந்துவிடும்' என்று முந்நூறு பேரும் எண்ணலாகாது.

இவ்வுட்பொருள் வானுக்கு மட்டும் உரியதா என்பதே எமது வினா. இதே பயன்முறை தரையிலும் உதவுகிறது. அலை எட்டாத மலைப்பாதைகளில் மின்கலத்தின் வலுவைச் சேமிக்கிறது. இரவில் உறக்கத்தைக் காக்கிறது. அப்போதும் துயிலெழுப்பும் மணி வேலை செய்யும், படமெடுக்கலாம், முன்னரே சேமித்த நூலைப் படிக்கலாம். ஒலியை மட்டும் நிறுத்தினால் போதாதா எனச் சிலர் கேட்பர். போதாது. ஒலியை நிறுத்திய தொலைபேசியில் செய்தி வந்துகொண்டேயிருக்கும், திரை ஒளிரும், கை தானே அதை நாடும். வந்ததை மறைப்பது வேறு, வராமற் செய்வது வேறு.

இனி எமது வகுப்பறைக்கு வருவோம். விக்ரோறியா மாநிலத்தின் அரச பாடசாலைகளில் 2020ஆம் ஆண்டின் முதலாம் தவணையிலிருந்து, பாடசாலை நேரத்தில் மாணவர் கைத்தொலைபேசிகளை நிறுத்திப் பாதுகாப்பாக வைத்துவிட வேண்டும் என்பது விதி. நியூ சவுத் வேல்சின் அரச உயர்நிலைப் பாடசாலைகளில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து இதையொத்த விதி நிலவுகிறது. தமிழ் வகுப்புகள் பலவும் நடைபெறுவது அதே பாடசாலைக் கட்டடங்களில்தான். வெள்ளிக்கிழமை தொலைபேசியின்றி ஆங்கிலமும் கணிதமும் கற்ற பிள்ளை, சனிக்கிழமை அதே நாற்காலியில் அமர்ந்து, மேசையின் கீழ் திரையைப் பார்த்தவாறு தமிழ் கற்கிறது. இதனால் நாம் அப்பிள்ளைக்கு எதனை உணர்த்துகிறோம்? ஏனைய பாடங்கள் முழுக் கவனத்திற்குரியன, தமிழ் அரைக் கவனத்திற்குரியது என்பதையன்றோ?

வாரமொன்றிற்கு இரண்டரை மணி நேரம், ஆண்டிற்கு நாற்பது வாரங்கள் எனக் கொண்டால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நூறு மணி நேரத் தமிழ். அதாவது ஓர் ஆண்டு முழுவதிலும் நான்கு நாள்களும் நான்கு மணி நேரமுமே. ஒரு மொழியைக் கையளிக்க எமக்குள்ள காலம் இவ்வளவே. வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அதிகாரங்கள் வகுத்தபின், அடுத்ததாகக் 'கேள்வி'க்கெனத் தனி அதிகாரம் அமைத்தமை சிந்திக்கத்தக்கது. செவிவழி வந்து சேரும் அறிவை அத்துணை உயர்வாகக் கருதிய மரபு எமது மரபு. வீட்டில் தமிழ் குறைந்து வரும் இந்நாளில், ஆசிரியரின் வாயிலிருந்து ழகரத்தையும் ளகரத்தையும் கேட்டறிய வேண்டிய பிள்ளையின் செவியை நாம் வேறெதற்கும் வாடகைக்கு விடலாகாது.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவதும் நீதியன்று. மண்டபத்தில் காத்திருக்கும் பெற்றோரும், மேடையில் பிள்ளை பேசும்போது முன்வரிசையில் அமர்ந்திருப்போரும் தத்தம் திரைகளில் ஆழ்ந்திருந்தால், 'நிறுத்தி வை' என்ற கட்டளை பிள்ளையின் உள்ளத்தில் ஏறாது. விமானத்தில் குழந்தைக்கும் முதியவருக்கும் விதி ஒன்றே. இங்கும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்பாக எழும் ஒரு குரலை நாம் இலேசாகத் தள்ளிவிட இயலாது. தாயகத்தில் முதிய பெற்றோரை விட்டு வந்தோர் எம்மிடையே அநேகர். அங்கு இரவு பத்து மணியாகும்போது மெல்பேணில் பின்னிரவு இரண்டரை. கோடை நேரமாயின் மூன்றரை. அவ்வேளையில் வரும் அழைப்பு எத்தகைய செய்தியைக் கொணரும் என்ற அச்சத்துடனேயே தலையணையருகில் தொலைபேசியை வைத்துத் துயில்வோர் உளர். போர்க்காலத்தில் ஓர் அழைப்புக்காக வாரக்கணக்கில் காத்திருந்த சமூகத்திடம் 'தொடர்பைத் துண்டியுங்கள்' என எளிதிற் சொல்லிவிட முடியாது. ஆகவே இரவிற்கு நாம் இவ்விதியை வற்புறுத்தவில்லை. குறித்த சிலரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கும் வசதியும் இன்றைய தொலைபேசிகளில் உண்டு. அத்தகையோர்க்கு அதுவே பொருந்தும்.

சனிக்கிழமை வகுப்பிற்கோ வழி எளிது. பாடசாலைக்கென ஒரு தொலைபேசி திறந்திருக்கட்டும். அதன் இலக்கத்தைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தமது உறவினர்க்கும் வழங்கட்டும். பொறுப்பாசிரியர் ஒருவர் அதனைக் கவனிக்கட்டும். அவசரச் செய்தி எதுவாயினும் ஐந்து நிமிடத்தில் உரியவரைச் சென்றடையும். ஏனைய தொலைபேசிகள் யாவும், மாணவருடையவை, பெற்றோருடையவை, ஆசிரியருடையவை என்ற வேறுபாடின்றி, வகுப்பு மணி ஒலித்ததும் விமானப் பயன்முறைக்குச் செல்லட்டும். அடுத்த தவணையில் இதனைச் சோதனையாக நடைமுறைப்படுத்தி, தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்தில் நிறை குறைகளை ஆராயுமாறு நிர்வாகக் குழுவினரை அன்புடன் வேண்டுகின்றோம்.

பத்து மணி நேரத்திற்கும் மேலாகப் பறந்து கொழும்பு செல்லும் விமானத்தில் எவ்வித முறைப்பாடுமின்றி நாம் தொடர்பற்று இருக்கிறோம். பிள்ளைகளின் தமிழுக்காக வாரத்தில் இரண்டரை மணி நேரம் அவ்வாறிருப்பது எமக்கு இயலாத காரியமன்று.