மதிப்பெண் போட்டவரும் பதில் சொல்லட்டும்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களை வரவேற்று ஒரு விழா நடக்கும். ஸ்ரீரங்கப்பட்டணமோ மண்டியாவோ மைசூரோ, எந்த ஊர்க் கல்லூரியானாலும் சரி, மேடையேறும் சிறப்பு விருந்தினர் இந்த ஒரு வாசகத்தைச் சொல்லாமல் இறங்குவதில்லை: "மார்க் யாரும் போடுவதில்லை, நீங்கள்தான் எடுக்கிறீர்கள்." அரங்கம் கைதட்டுகிறது. பின்வரிசையில் இருக்கும் பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். பல வருடங்களாக இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். இனி முடியாது. இந்த வாசகம் பொய். கேட்பதற்கு உற்சாகமாக இருப்பதால் இதன் கெடுதல் யார் கண்ணிலும் படுவதில்லை.

கெடுதல் ரிசல்ட் வரும் நாளில்தான் தெரியும். நன்றாக எழுதிய பாடத்தில் 22 வந்திருக்கிறது என்று ஒரு பெண் வீட்டில் அழுதால், "எழுதினதுதானே வரும்" என்கிறார் அப்பா. துறைத்தலைவரிடம் போனால் அவரும் அதையே சொல்கிறார். தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரின் பதிலும் அதுதான். தவறு மறுபக்கத்தில் நடந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கவே இடமில்லாமல் செய்துவிடுகிறது அந்த விழா மேடை வாசகம்.

அந்த வாசகத்தைச் சொல்பவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் மதிப்பெண், திருத்துபவருக்கு அதில் வேலை இல்லை என்பது முதல் வாதம். இதற்குப் பதில் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் தேர்வு மதிப்பெண்களில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று 1888-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1912, 1913-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளில் மதிப்பெண்கள் சிதறியதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை. வடிவகணிதத் தாளில், அதாவது சரி அல்லது தவறு என்று மட்டுமே சொல்ல முடியும் என நாம் நம்பும் பாடத்தில், ஒருவர் 30-க்குக் கீழே போட்டார், இன்னொருவர் 90-க்கு மேலே போட்டார். மாணவர் ஒருவர், தாள் ஒன்று. அந்த மாணவர் "எடுத்தது" இவற்றில் எது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம், திருத்தும் முகாமுக்குள் ஒரு நாள் போய் உட்காருங்கள். டம்மி நம்பர் போட்ட கட்டுகள் வரும். காலையில் முதல் கட்டைத் திருத்தும்போது இருக்கும் நிதானம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கட்டில் இருக்காது. தாளுக்கு இவ்வளவு என்று ஊதியம், நாளுக்கு இத்தனை தாள் முடிக்க வேண்டும் என்ற கெடு, வெளியே மே மாத வெயில். விடைக்குறிப்பில் இல்லாத வழியில் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணா பாதியா என்பதை அந்த நேரத்து மனம்தான் தீர்மானிக்கிறது. திருத்துபவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். அவர்களும் களைப்படைகிற மனிதர்கள், அவர்கள் போடும் எண்ணும் ஒரு மனிதர் போட்ட எண்தான் என்பதே நான் சொல்வது.

நமக்கு இது புதிய செய்தியும் இல்லை. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1918 முதல் 1921 வரை தத்துவம் கற்பித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அன்று மாணவர்கள் அவருடைய வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போன கதையை ஆசிரியர் தினத்தன்று தவறாமல் சொல்கிறோம். அதே ராதாகிருஷ்ணன் தலைமை வகித்த 1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் தேர்வு முறையைத்தான் திருத்தச் சொல்வோம் என்று எழுதியதை எந்த விழாவிலும் யாரும் சொல்வதில்லை. வண்டி இழுத்த கதைக்குக் கைதட்டல் கிடைக்கும் என்பதாலோ என்னவோ.

எல்லாம் கணினிமயமாகிவிட்டது, இனித் தவறுக்கு இடமில்லை என்பது அடுத்த வாதம். 2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் ரிசல்ட்டில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் 0 வந்தது. மறுபடி பார்த்தபோது அவர் வாங்கியிருந்தது 99. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கியவர் செய்த பிழை அது. அந்த ரிசல்ட்டுக்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தோற்றவர்கள் அனைவரின் தாள்களையும் கட்டணமில்லாமல் மறுபடி சரிபார்க்க அரசு உத்தரவிட்டது அதற்கப்புறம்தான்.

இங்கே கர்நாடகத்திலும் மதிப்பெண் பதிவு விஷயம் சிக்கலில்தான் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முதல் மதிப்பெண் வரை எல்லாவற்றையும் யுயுசிஎம்எஸ் என்ற ஒரே மென்பொருளில் ஏற்றினார்கள். இன்டர்னல் ஏறவில்லை, ரிசல்ட் திறக்கவில்லை என்று மாணவர்கள் போராட வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் மண்டியா மாவட்டத்தில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. 1916-இல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த மண்டியா மாவட்டக் கல்லூரிகள் புதிய மண்டியா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2025-இல் அமைச்சரவைத் துணைக்குழு ஒன்று மூடலாம் என்று சொன்ன ஒன்பது பல்கலைக்கழகங்களில் அந்த மண்டியாவும் இருந்தது. மார்க்ஸ் கார்டில் ஒரு பிழை இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாத நிலையில் ஒரு மாணவரை நிறுத்திவிட்டு, "நீ எடுத்ததுதான்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்டர்னல் மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள்: வகுப்பாசிரியருக்குத் தன் மாணவரைத் தெரியும், அதனால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று. தெரியும் என்பதுதான் பிரச்சினையே. பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2022 திட்டத்தில் பாதி, அதாவது 100-க்கு 50, கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. அந்த 50-இல் 20 இல்லாவிட்டால் அந்தப் பாடத்தில் செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது. வெளித் தேர்வுக்காவது மறுமதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. இன்டர்னலுக்கு அதுவும் கிடையாது. போட்டவரிடமே போய்க் கேட்க வேண்டும், அவர்தான் அடுத்த செமஸ்டரிலும் போடுவார். எந்தப் பிள்ளை கேட்கும்?

கிரேடு முறை வந்ததால் ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தின் அநியாயம் போய்விட்டது என்கிறார்கள். போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. 80-க்கும் 81-க்கும் நடுவில் கோடு போட்டுவிட்டால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு முன்பைவிட விலை அதிகம்.

இனி, அவர்கள் கடைசி ஆயுதமாக எடுப்பதற்கு வருகிறேன். "சந்தேகம் இருந்தால் ரீவேல்யூவேஷன் போடலாமே, யார் தடுத்தார்கள்?" இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போய்விடுவார். நான் வாயடைக்கப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் கேள்வியே அவர்கள் வாசகத்துக்கு எதிரான சாட்சி. மதிப்பெண் எடுக்கப்படுவதுதான் என்றால் இரண்டாவது முறை திருத்துவது எதற்கு? எத்தனை முறை திருத்தினாலும் அதே எண்தானே வர வேண்டும்?

வருகிறதா? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2017 ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வுக்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் வந்தன. 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தோல்வியிலிருந்து தேர்ச்சிக்கு வந்தார்கள். 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் கூடியது. கூட்டிப் பாருங்கள், விண்ணப்பித்த பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு முதல் மதிப்பெண் நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் தமிழ்நாடு லஞ்ச ஒழிப்புத் துறை முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உட்படப் பத்துப் பேர் மீது வழக்குப் பதிந்தது. பணம் வாங்கிக்கொண்டு மறுமதிப்பீட்டில் மதிப்பெண்ணை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து மேடைப் பேச்சாளர்களுக்குக் கொண்டாட்டம். பார்த்தீர்களா, மறுமதிப்பீடு என்றாலே ஊழல், முதலில் போட்டதுதான் உண்மை என்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். கூடிய மதிப்பெண்களெல்லாம் நியாயமாகக் கூடியவை என்றால், முதலில் திருத்தியவர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் இடங்களில் தவறியிருக்கிறார்கள். எல்லாமே காசுக்குக் கூடியவை என்றால், மதிப்பெண் விலைக்குப் போடப்பட்டிருக்கிறது. பாதி அது, பாதி இது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்த பதில்தான் கிடைக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாணவர் எடுத்தார் என்ற வாசகத்துக்கு அங்கே இடமில்லை. போட்டவர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு முறை தவறாகப் போட்டவர்கள், அல்லது ஒரு முறை காசுக்குப் போட்டவர்கள்.

விண்ணப்பமே போடாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் செமஸ்டரில் அங்கே விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் சேர்த்து ஒரு தாளுக்கு 700 ரூபாய். எங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல். மூன்று பாடம் போனால் மூன்று மடங்கு. கடைக்காரரின் தராசு மேல் சந்தேகம் வந்தால் அதைச் சோதிக்க முத்திரையிடும் துறை இருக்கிறது, வாங்குபவரிடம் சோதனைக் காசு கேட்பதில்லை. இங்கே தவறு செய்த தரப்பே தவறைக் கண்டுபிடிக்கக் கட்டணம் வசூலிக்கிறது. அதோடு முடிவதும் இல்லை. மறுமதிப்பீட்டு முடிவு வரும் முன்பே அரியர் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் வந்துவிடும். நம்பிக்கையோடு காத்திருந்தால் ஒரு செமஸ்டர் போகும் என்று பயந்து பிள்ளைகள் இரண்டுக்கும் கட்டுகிறார்கள். பிறகு தேர்ச்சி என்று வந்தாலும் கட்டிய அரியர் பணம் கட்டியதுதான். கேம்பஸ் இன்டர்வியூவில் "ஸ்டேண்டிங் அரியர் இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட முடியாமல் வெளியே நின்ற அந்த ஒரு மாதத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. "யார் தடுத்தார்கள்" என்று கேட்பவருக்கு இதுதான் பதில்: பணமும் தேதியும் தடுத்தன.

எங்காவது ஒரு முற்றுப்புள்ளி வேண்டாமா என்ற வாதம் ஒன்று மிச்சம். 1984-இல் மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முற்றுப்புள்ளியை ஆதரித்தது உண்மை. 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி போய், சந்தேகம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே, எழுதியவருக்கு இல்லை என்று சொன்னது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் சந்தேகத்தின் பலன், செமஸ்டர் எழுதிய பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கிடையாது. நீதிமன்றம் ஒவ்வொரு தாளையும் எடுத்துத் திருத்த முடியாது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒழுங்கான முறையீட்டு வழி இருக்க வேண்டும் என்கிறேன். 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிகள் வெளிப்படைத்தன்மையற்ற, நியாயமற்ற மதிப்பீட்டையும் குறையாக ஏற்று, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர் முறையீடுகளை விசாரிக்க ஒம்புட்ஸ்பெர்சன் என்ற குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்றன. 2024 ஜூனில் யுஜிசியே வெளியிட்ட பட்டியலில் அதுவரை நியமிக்காத பல்கலைக்கழகங்கள் 157.

திருத்திய விடைத்தாள் யாரும் கேட்காமலே மாணவர் கைக்கு வர வேண்டும். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். இன்டர்னலை அதைப் போடாத இன்னொருவர் பார்க்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் இல்லை.

அதுவரை, பெற்றோரே, மாணவர்களே, கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவல்தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். 2019-இல் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம் நகலுக்குத் தன் விதிப்படிதான் பணம் கட்ட வேண்டும் என்று வாதாடியபோதும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதில் தர 30 நாள் கெடு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விடைத்தாளைப் பல்கலைக்கழகம் எப்போதும் வைத்திருப்பதில்லை. அதன் விதியில் சொன்ன காலம் முடிந்தால் அழித்துவிடுவார்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. ரிசல்ட் வந்த வாரத்திலேயே எழுதிப் போடுங்கள்.