உம்பளச்சேரிக்குக் காளை வேண்டும்

கலப்பினப் பசு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொஸைட்டியில் பால் ஊற்றி வட்டி கட்டும் சிறு விவசாயியிடம் அப்படிச் சொல்வது நியாயமுமல்ல. உம்பளச்சேரிப் பசு நாளுக்கு இரண்டு லிட்டர் கறந்தாலே பெரிய காரியம். ஆனால் பாபநாசம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள நாட்டுப் பசுக்களுக்கும் ஜெர்ஸி ஊசியே போட்டு வந்தால் என்ன ஆகும்? இதற்குப் பழைய மாட்டு எலும்புகள் பதில் வைத்திருக்கின்றன.

மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் காட்டு மாட்டைப் பழக்கினார்கள். ஜெர்ஸியும் பிரிஸியனும் அந்த வழி. திமிலுள்ள நம் மாடு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பக்கம் தனியாகப் பழக்கப்பட்டது. இரண்டும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, காட்டில் திரிந்த காலத்திலேயே பிரிந்தவை என்று 1994-ல் மரபணு ஆராய்ச்சி காட்டியது.

2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது இன்னும் சுவையானது. பழங்கால மாடுகள் 67-ன் மரபணுவை, பெரும்பாலும் காதுக்குள்ளிருக்கும் கெட்டி எலும்பைத் துளைத்தெடுத்துப் படித்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் நெடுங்கால வறட்சி வந்தது. அதையொட்டி அங்குள்ள மாடுகளில் திமில் மாட்டு ரத்தம் வேகமாகக் கலந்திருக்கிறது. ஆனால் தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணு பெரும்பாலும் பழைய உள்ளூர் வகையாகவே இருக்கிறது! அதாவது, முக்கியமாக வந்து கலந்தது காளை. வறட்சி தாங்கும் கன்று வேண்டி நம் பக்கத்துக் காளையைச் சேர்த்திருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

அன்று காளை மேற்கே நடந்து போயிற்று. இன்று மேற்கத்திக் காளை ஊசியில் வருகிறது. கணக்குப் பாருங்கள். முதல் கிடேரியில் நம் ரத்தம் பாதி. அதற்கும் அதே ஊசி என்றால் அடுத்ததில் கால், பிறகு அரைக்கால், நாலாம் தலைமுறையில் வீசம். பத்துப் பதினைந்து வருஷத்து வேலைதான். கட்டுத்தறியில் அதே தாய்வழிப் பசு நிற்கும், மாடு வேறாகியிருக்கும்.

போவது என்ன? சேற்றில் சளைக்காத குட்டைக் கால். வைக்கோலும் வரப்புப் புல்லுமே போதுமென்று வாழும் வயிறு. டிராக்டர் வந்தபின் உழவுக்கு இவை தேவையில்லைதான். வெயிலும் தீவன விலையும் ஏறும் காலத்தில் வேறெதற்குத் தேவைப்படும் என்பதை இன்றே யார் அறுதியிட முடியும்?

திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுப் பண்ணை இருக்கிறது. ஆனால் ஒரு பண்ணையால் ஓர் இனம் நிற்காது. நாலைந்து ஊருக்கொரு பொலிகாளையாவது வேண்டும். ஒரே காளை நெடுநாள் நின்றால் தன் கிடேரியோடேயே சேரும். ஆகவே மூன்று வருஷத்துக்கொரு முறை பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றைப் பசு வைத்திருப்போர் கால்நடை மருந்தகத்தில் உம்பளச்சேரி ஊசியே வேண்டுமென்று கேளுங்கள். கேட்பவர் இல்லாத சரக்கை எவரும் இருப்பு வைப்பதில்லை.

பொலிகாளைக்குத் தீனி போடுவது யார்? அதைச் சிறு விவசாயி தலையில் கட்டுவது முறையல்ல. கலப்பின ஊசிக்கு இத்தனை காலம் செலவழித்த சர்க்கார், காளை வளர்ப்பவருக்குத் தீவனச் செலவில் பாதியாவது தரட்டும்.