கெட்டும் பட்டணம் சேரலாமா?



"கெட்டும் பட்டணம் சேர்" என்று சொல்லிவைத்தனர் முன்னோர். கிணறு வற்றியதா, பட்டணம்! தறி நின்றதா, பட்டணம்! படித்துப் பட்டம் பெற்றும் ஊரில் வேலையில்லையா, அதற்கும் பட்டணம்! உங்கள் இல்லத்திலும் இன்று அந்தப் பேச்சு எழுந்திருக்கக்கூடும். மகனுக்குச் சென்னையில் வேலை. குடும்பத்தோடு பெயர்வதா, ஊரிலேயே இருப்பதா என்று திண்ணையில் வாதம் நடக்கிறது. ஒருவர் சம்பளத்தைச் சொல்கிறார்; மற்றவர் புழுக்கத்தைச் சொல்கிறார். இரண்டும் மெய்யே. துலாக்கோலில் இட்டு இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் புழுக்கம். "வேலூரிலும் திருச்சியிலும் இல்லாத வெயிலா சென்னையில்?" என்று கேட்பார் உண்டு. வெயிலில் ஊர்கள் ஒன்றையொன்று விஞ்சலாம். காற்றின் ஈரத்தில்தான் வேறுபாடு. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, உலர வேண்டும். உலரும்போதுதான் உடலின் சூட்டை அது எடுத்துச் செல்கிறது. கடலோரக் காற்றோ ஏற்கெனவே ஈரம் சுமந்த காற்று. வியர்வை பெருகும்; உலராது. சட்டை நனையும், உடல் தணியாது. மே மாதத்தில் நகரின் சராசரிப் பகல் வெப்பம் 37 பாகையை ஒட்டி நிற்கிறது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று வந்தால் பிழைத்தோம். மேலைக்காற்று அதை மறித்துவிட்டால் கொதிப்புதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவாயிற்று. அதைவிடக் கொடியது இரவு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட், இரவெல்லாம் அதைக் கக்குகிறது. உறங்காத உடல் மறுநாள் எப்படி உழைக்கும்?

அடுத்து நீர். நகரின் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. பெய்தால் வெள்ளம், பொய்த்தால் வறட்சி. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் வெள்ளம்! வெள்ளத்தைத் தேக்கிவைக்க வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தது. நிலம் கரைந்த பின் கிடைத்த மகுடம் அது.

இத்தனையும் அறிந்தபின் எவன் பெயர்வான் என்கிறீர்களா? மறு தட்டையும் பாருங்கள்.

பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் எழுந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அறுபதுகளில் வளர்ந்தன. திருப்பெரும்புதூரை ஒட்டி மோட்டார்த் தொழில் தொண்ணூறுகளில் வேரூன்றியது. தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா திறந்தது. ஏர் பிடித்த கையின் பிள்ளை எந்திரம் பிடித்ததும், எந்திரம் பிடித்தவனின் பெண் கணிப்பொறி முன் அமர்ந்ததும் இந்தப் புழுக்கத்தின் நடுவேதான். உயர்ந்த மருத்துவம் வேண்டுமா, கல்லூரி வேண்டுமா, நூலகம் வேண்டுமா? எல்லாம் கைக்கெட்டும் தொலைவில். இன்னொன்றும் உண்டு. சேரியிலும் ஊரிலும் பிரித்து வைக்கப்பட்ட மனிதன், எவன் பக்கத்தில் அமர்கிறோம் என்று கேளாமல் பேருந்தில் அமர்ந்தது பட்டணத்தில்தான். சாதி அங்கே சாகவில்லை. வாடகை வீடு கேட்டுப் போனால் அதன் குரல் கேட்கும். ஆயினும் கிராமத்தில் முகத்தைப் பார்த்தே இழிவு செய்தவனின் பிடி, கூட்டத்தில் சற்றே தளர்கிறது. இந்த விடுதலைக்கு விலை போட முடியுமா, தோழரே?

உழைப்போர் ஒன்றுகூடக் கற்றதும் அந்த மண்ணிலேயே. பின்னி ஆலைத் தொழிலாளரை முன்வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918-இல். சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923-இல். அதே கத்திரி வெயில், அதே வியர்வை! ஊர்விட்டு வந்தவர்கள் ஓரணியாய் நின்றதால்தான் அது வரலாறாயிற்று.

ஆக, துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்கிறது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். "சென்னையின் வெப்பம்" என்று பேசுகிறோம். ஒரே வெப்பமா அது? குளிர்பதன அறையில் எழுந்து, குளிர்பதன வண்டியில் சென்று, குளிர்பதன அலுவலகத்தில் அமர்பவனுக்குச் சென்னை மே மாதத்திலும் மார்கழி. அவன் அறையின் சூட்டை வெளியே துப்பும் எந்திரத்தின் கீழே, நடைபாதையில் பழம் விற்கும் தாய்க்கோ அதே நகரம் உலைக்களம். மெட்ரோப் பாதைக்குத் தூண் எழுப்ப பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனுக்குத் தகரக் கொட்டகையே மாளிகை. கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தார்களே, அவர்களிடம் நன்மை தீமைகளை எவர் எடுத்துரைத்தார்? நகருக்குள்ளேயே நிகழ்ந்த அந்தப் பெயர்ச்சியில் பலருக்கு வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. விரும்பிப் பெயர்வது வேறு. விரட்டப்பட்டுப் பெயர்வது வேறு. தட்பவெப்பம் இயற்கை தந்தது. அதைத் தாங்கும் சுமையைப் பங்கிட்டது மனிதன்.

"இயற்கையின் வெம்மைக்கு அரசு என்ன செய்யும்?" என்று கேட்பர் சிலர். செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. நாளெல்லாம் நின்றே வேலை செய்த கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கேரளம் 2018-லேயே அதைச் செய்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி என்றது. நன்று. ஆனால் இறந்த பின் தரும் பணத்தைவிட, இறவாதபடி தரும் நிழல் பெரிதல்லவா? வளைகுடா நாடுகள் பல, கோடையின் உச்சிப்பொழுதில் திறந்தவெளி வேலையைத் தடுத்துள்ளன. மன்னராட்சியில் முடிந்தது, மக்களாட்சியில் முடியாதா? கூலி குறையாத உச்சிவேளை ஓய்வு, ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் நிழலும் குடிநீரும், ஏழையின் கூரைக்குச் சூடு தணிக்கும் வெள்ளைப் பூச்சு, எஞ்சிய ஏரிக்கும் சதுப்புக்கும் காவல்: இவை ஆடம்பரமா?

வேலையைத் தேடி மனிதன் ஓடுவதைப் போலவே, மனிதனைத் தேடி வேலையும் வரலாம். 1971-இல் தோன்றிய சிப்காட், மேட்டு நிலத்து ஓசூரைத் தொழில் நகரமாக்கிக் காட்டவில்லையா? கள்ளக்குறிச்சியும் இராமநாதபுரமும் என்ன பாவம் செய்தன? பட்டணம் சேர்வது விருப்பமாக இருக்க வேண்டும். கெட்டவனின் கடைசிப் புகலாக இருக்கலாகாது.

ஆகவே, தோழரே, மகன் போகட்டும் என்பதே என் கருத்து. ஆனால் சம்பளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டி கட்ட வேண்டாம். கூரை எத்தகையது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வேலை எந்தப் பொழுதில், வெயிலிலா நிழலிலா? மழைக்காலத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும்? இவற்றுக்கு விடை பெற்ற பின் புறப்படட்டும். முதியோரை முதற்கோடையிலேயே அழைத்துச் செல்ல வேண்டாம். புழுக்கம் அவர்களையே முதலில் வாட்டும். சென்று சேர்ந்ததும் வீட்டுக்கு விசிறி வாங்கட்டும். மறுநாளே தன் தொழிலுக்குரிய சங்கத்தில் பெயர் எழுதட்டும். விசிறி ஓர் அறையைத்தான் ஆற்றும். சங்கமோ, வெயிலில் நிற்கும் ஆயிரம் பேருக்கு நிழல் கேட்கும்.