கல் வைத்துப் பழுத்த பக்தி

சேலத்து மாம்பழம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் பார்வைக்கு அழகாக இருக்கும். தோல் முழுக்க ஒரே மஞ்சள். வெட்டி வாயில் வைத்தால்தான் புளிப்பு தெரியும். கார்பைடு கல்லில் ஈரம் பட்டதும் அசெட்டிலின் வாயு கிளம்புகிறது. அது தோலின் நிறத்தைச் சீக்கிரம் மாற்றிவிடுகிறது. உள்ளே இனிப்பு ஏற அவகாசமே இல்லை. உடம்புக்குக் கேடு என்று அரசாங்கம் தடையும் போட்டிருக்கிறது.

பழத்துக்குத் தடை இருக்கிறது. பக்திக்கு?

"ஆவிக்குரிய வளர்ச்சி" என்ற சொல் அடிபடாத கிறிஸ்தவக் கூட்டமே கிடையாது. ஆனால் அந்த வளர்ச்சியை அளக்கும் முழம் எது? யார் சத்தமாக ஜெபிக்கிறார், எத்தனை நாள் உபவாசம் இருந்தார், மேடை ஏறி எத்தனை சாட்சி சொன்னார், ஃபிளெக்ஸ் பேனரில் யார் படம் பெரிது... இவைதான்! கூட்டம் முடிந்ததும் அதே ஆள் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்காக ஏக வசனத்தில் கத்துவார். அது கணக்கில் வராது.

இதில் அடிபடுவது யார்? வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு மூன்று வருடமாக முகம் சுளிக்காமல் பணிவிடை செய்யும் ஒரு பெண். கூட்டத்தில் அவளுக்குக் கண்ணீர் வருவதில்லை, சத்தம் வருவதில்லை. "இன்னும் வளரணும்மா" என்கிறார்கள். அவளும் நம்பிவிடுகிறாள். கொஞ்ச நாளில் வராத கண்ணீரை வரவழைக்கப் பழகிக்கொள்கிறாள். உண்மையாக இருந்த ஒருத்தியை நடிக்க வைத்ததுதான் மிச்சம். இதற்குப் பெயர் வளர்ச்சியா?

கலாத்தியர் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பு, பொறுமை, தயவு, சாந்தம் என்று போகும் அந்தப் பட்டியலில் மேடைப் பேச்சு இல்லை, கூட்டத்தின் எண்ணிக்கை இல்லை. ஒன்பதுமே பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வேலை செய்பவரும் பார்த்துச் சொல்ல வேண்டியவை. கனி என்று அவர் சொன்னதிலேயே பொருள் இருக்கிறது. அது மரத்தில் நின்று, வெயில் தின்று, தன் காலத்தில்தான் பழுக்கும்.

அப்படிப் பழுத்த ஒரு வாழ்க்கையைப் பார்க்க நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்தால் போதும். எதிரே கொல்லிமலை. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் திருமணம் முடித்து அந்த மலையில் குடியேறினார்கள். ஈவ்லின் லண்டனின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். தொடக்க ஆண்டுகளில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. இன்றைய முழத்தால் அளந்தால் படுதோல்வி! 1929-ல் மலைக்காய்ச்சல் முற்றி ஜெஸ்ஸி இறந்தார். வயது 44.

ஈவ்லின் ஊர் திரும்பிவிடவில்லை. மிஷன் அவரைச் சமவெளிப் பணிக்கு மாற்றியது. 1947-ல், 68 வயதில், இனி ஓய்வு என்றது. ஒரே ஒரு வருடம் கேட்டு வாங்கினார். அது முடிந்ததும் மிஷனிலிருந்து விலகி மலைக்கே ஏறிவிட்டார். பிடிவாதக்காரர்தான், சந்தேகமில்லை. இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போனார். 1974-ல் 95 வயதில் இறந்து, கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கமானார்.

வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்ட டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். 1914-ல் பிறந்து இதே மலையில் வளர்ந்தவர். அம்மா தன் கடைசி இருபது வருடங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். தன் முகம் எப்படித் தெரிகிறது என்ற கவலையே அவருக்கு இல்லை. பேனர் அடிக்கும் ஊழியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"அவர் மிஷனரி. படிக்கிற பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் குதிரை ஏறி மலைக்கா போக முடியும்?" என்று கேட்கலாம். போக வேண்டாம். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்காமல் இருப்பது, கடன் வாங்கிய பணத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது, தப்பு செய்தால் மன்னிப்பு கேட்பது, இதெல்லாம் சமவெளியிலேயே செய்யலாம். இன்னொன்றும் உண்டு. நாற்பது வருடம் தவறாமல் ஆராதனைக்குப் போனவர் மகனுக்குப் பெண் தேடும்போது கொடுக்கும் விளம்பரத்தில் முதல் வரியாகச் சாதிப் பெயரைப் போடுகிறார். அந்த நாற்பது வருடத்தில் உள்ளே எது வளர்ந்தது? அந்தக் கேள்வியை எந்த மேடையும் கேட்பதில்லை. கேட்டால் காணிக்கைத் தட்டில் சத்தம் குறையும்.

"அப்படியானால் ஜெபம், உபவாசம், சாட்சி எதுவும் வேண்டாமா?" வேண்டும். அவை உரம். ஆனால் உரமூட்டையை எண்ணி விளைச்சல் இவ்வளவு என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். களத்துமேட்டில் நெல்லை அளந்துதான் சொல்வார்.

ஆகவே ஒருவர் வளர்ந்திருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் அவருடைய சபையில் விசாரிக்க வேண்டாம். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் கேளுங்கள். தோலின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் பழத்தைத் தின்று பார்த்தவர் அவர்தான்.