“திரும்புவோம்” என்னும் சொல்

அல்ப்ஸ் மலையில் இன்று ஒரு தொழில் இக்கட்டில் நிற்கின்றது. மலைவழிகாட்டிகளின் தொழிலையே சொல்கிறேன். இருநூறு ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மைந்தன் கற்றுவந்த மலையறிவு, காலடிப் பனி உருகி மாறுவதால் செல்லாக்காசாகி வருகின்றது. நூல்களிற் படித்திருந்த இவ்வுண்மையை 2025 மார்ச்சில் ஒருநாள் கண்ணாலும் கண்டேன்.

பிரான்சின் கிழக்கெல்லையில், மொன் பிளான் சிகரத்தின் அடியில் உள்ளது சமொனி. 1924இல் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழா நடந்த ஊர். அங்கிருந்து கேபிள் கார் ஒன்று, 1955 முதல், 3,842 மீற்றர் உயரமான எகுய் டு மிடி முனைக்கு ஆட்களை ஏற்றிச்செல்கின்றது. ‘வெண்பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பனிச்சறுக்கு வழி அம்முனையிற் தொடங்கி, ஏறக்குறைய 20 கிலோமீற்றர் இறங்குகின்றது. வழி என்று சொன்னது பிழை. வழக்கமான சறுக்குத் திடல்களில் இயந்திரங்கள் பனியைச் சமன்செய்யும், எல்லைக் கம்பங்கள் நட்டிருக்கும், காவலர் சுற்றிவருவர். இங்கு இவற்றுள் ஒன்றுமில்லை. காலின் கீழ்க் கிடப்பது பனிக்கட்டியாறு. அதிலுள்ள பிளவுகளின் ஆழத்துக்குப் பனைமரத்தைத்தான் அளவாகச் சொல்லவேண்டும். புதுப்பனி அவற்றை மெல்லிய பாலமாக மூடிவிட, பார்ப்பவர்க்கு எல்லாம் ஒரே வெண்டரை. ஆதலின் அறிவுடையோர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டே இறங்குவர்.

எனக்குச் சறுக்கத் தெரியாது, பார்வையாளனாகவே மேலேறினேன். பனியிற் குடைந்த சுரங்கத்தின் வாயிலில் ஒரு வழிகாட்டியும் ஐந்து விருந்தினரும் நின்றனர். இடுப்பிற் கயிற்றுக் கச்சை. மார்பில், புதையுண்டவரைக் கண்டறிய உதவும் வானொலிக் கருவி. முதுகுப் பையில் வாரியும் துழாவுகோலும். வெளியே இருபுறமும் பாதாளமான கூரிய முகடு. வழிகாட்டி தனியே சிறிது தூரம் சென்றார், கைத்தடியாற் பனியைக் குத்திப் பார்த்தார், வந்தார். “இன்று இறங்கமாட்டோம். திரும்புவோம்” என்றார்.

விருந்தினருள் மூத்தவரின் முகம் சிவந்தது. “வானம் தெளிவாக இருக்கிறதே! மற்றவர்கள் போகிறார்களே!” என்றார். உண்மைதான், சற்று முன்னர் இரு குழுக்கள் அம்முகட்டால் இறங்கியதை நானும் கண்டேன். வழிகாட்டி வாதாடவில்லை. இரவு வீசிய காற்றுப் பனியை வாரி ஒருபக்கச் சரிவிற் பலகைபோல் இறுக்கிவிட்டது, அதன் கீழ் இளகிய படை கிடக்கிறது, ஒருவரின் பாரமே பலகையை முறிக்கப் போதும் என்று அளவோடு விளக்கினார். பின்பு, “சென்ற ஆண்டு நான் போன வழி இவ்வாண்டு இல்லை” என்று தமக்குத் தாமே சொல்வார்போற் சொன்னார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் அது விளங்கிற்று.

அந்த மூத்தவரையும் நான் குறைகூற மாட்டேன். ஆண்டு முழுவதும் சேர்த்த பணம், கெஞ்சிப் பெற்ற விடுமுறை, நெடும் பயணம் எல்லாம் ஒரு சொல்லிற் போயின. ஆயினும், அந்தச் சொல்லுக்கன்றோ அவர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்தார்?

நிற்க. இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1820இல் உருசியப் பேரரசரின் ஊழியத்திலிருந்த ஹமல் என்னும் அறிஞர் மொன் பிளானில் ஏறினார். காலநிலை நன்றாக இல்லை, வழிகாட்டிகள் தயங்கினர், அவர் விடவில்லை. பனி சரிந்தது. வழிகாட்டிகள் மூவர் பிளவொன்றினுட் புதையுண்டனர். மறு ஆண்டு, 1821இல், சமொனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். முறைவைத்து வேலை பகிர்ந்தனர். இடருற்றோர் குடும்பங்களுக்கு நிதியும் வைத்தனர். இவ்விரண்டு ஏற்பாடுகளையும் வெறும் தொழிற்சங்க நலன்களாக நான் கருதவில்லை. முறைப்படி வேலை கிடைப்பவன் விருந்தினனின் முகங்கோணலுக்கு அஞ்சவேண்டியதில்லை. மறுக்கும் உரிமைக்கு வயிற்றுப்பாடு காவல் வேண்டும் என்பதை அம்மலைநாட்டார் அறிந்திருந்தனர் என்பதே என் துணிபு. இன்றோ விருந்தினர் தாம் விரும்பிய வழிகாட்டியைத் தாமே தெரிந்தமர்த்தலாம். மறுப்பவரை விட்டு இணங்குபவரைத் தேடுவதும் எளிது.

புதையுண்ட மூவரின் எச்சங்கள் 1861இல் பொசோன் பனிக்கட்டியாற்றின் அடியில் வெளிப்பட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டில் அவை வந்துசேரும் என்று ஸ்கொத்லாந்து அறிஞர் போர்பஸ் முன்னரே கணித்திருந்தார். அக்காலத்துப் பனி அவ்வளவு ஒழுங்காகக் கணக்குத் தீர்த்தது! இக்காலத்துப் பனியிடம் அந்த நாணயம் இல்லை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளிற் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவிற் பத்திலொரு பங்கை இழந்தன. 2022 யூலையில் இத்தாலியின் மார்மொலாடா மலையிற் பனித்திணிவு உடைந்து விழ, 11 பேர் மாண்டனர். அதே மாதம், வெப்பத்தாற் பாறைகள் இடைவிடாது உருண்டமையால், மொன் பிளானுக்கு வழக்கமான வழியில் ஆட்களை ஏற்றிச்செல்வதைச் சமொனிச் சங்கம் நிறுத்திவைத்தது. 1820இற் சொல்ல முடியாதுபோன சொல்லை 2022இற் சங்கமே சொன்னது. அப்பொழுதும் தாமாக ஏறியவர் இருந்தனர். மீட்புச் செலவுக்கு 10,000 யூரோ, அடக்கச் செலவுக்கு 5,000 யூரோ முற்பணம் வைத்துவிட்டு ஏறட்டும் என்றார் அயலூரான சேன் ஜெர்வேயின் நகரத் தலைவர். கசப்பான பகிடிதான்; ஆனால் கணக்குப் பிழையன்று.

பிற்பகல், மலைரயிலில் மொந்தன்வேர் நிலையத்துக்குச் சென்றேன். காலையில் நான் கண்ட முகட்டால் இறங்குவோர், ‘பனிக்கடல்’ எனப்படும் பனிக்கட்டியாற்றின் வழியே அங்கு வந்து கரையேறுவர். அப்பனியைத் தொட 1988இல் ஒரு தொங்குவண்டி அமைத்தார்கள். பனி தாழத் தாழப் படிகளைக் கூட்டினார்கள். அவை ஐந்நூற்றுக்கும் மேலாயின. ஈற்றில், 2024இல், பள்ளத்தாக்கின் மேற்புறத்தே வேறொரு வண்டி தொடங்கவேண்டியதாயிற்று.

மாலை மூன்று மணியளவில், காலையில் இறங்கிய இரு குழுக்களும் அவ்வண்டியில் ஏறிவந்தன. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. பாதணிகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மூத்தவர் இதனை அறிந்தால் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கடினமன்று. சரியாத சரிவைக் காட்டி, தாம் மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்க எந்த வழிகாட்டியாலும் இயலாது. வாங்கிய பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.