எந்த மண்டலத்தில் ஆடுவது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருப்பது பசிபிக் கடலோரத்தில். 2024 முதல் அதன் அணிகள் ஆடுவதோ அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பில்! நாகர்கோவில் கல்லூரி ஒன்று காஷ்மீர் மண்டலத்தில் பெயர் கொடுத்த மாதிரிதான்.

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். பசிபிக் கரைக் கூட்டமைப்பு 1915-இல் தொடங்கியது. 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் விலகப்போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு மற்றவையும் மூட்டை கட்டின. பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு. காரணம் தொலைக்காட்சிப் பணம். அந்தப் பணம் அவர்களுடைய கால்பந்துக்கு வருவது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் கைப்பந்துப் பெண்களும் சேர்ந்து, ஏறக்குறைய 4000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நியூ ஜெர்சிக்குப் போய் ஆட வேண்டும். அவர்கள் பரீட்சைக்கு எப்போது படிப்பார்கள்?

அதற்காக, விலகுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் கல்லூரிகளும் விலகியவைதான். வேலூர் ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி எல்லாம் 2002 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தன. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கச் சென்னையின் பெரிய கல்லூரிகளோடு மோத வேண்டும். அவர்களுக்கு மைதானம், பயிற்சியாளர், விடுதிச் சாப்பாடு எல்லாம் உண்டு. நம் பையனுக்குக் கண்ணமங்கலத்திலிருந்தே 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம். தங்க இடமும் தேட வேண்டும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் இந்தப் பக்கத்துக்கென்று தனி அணி, தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு நேராகப் போகும் வழி. போட்டியின் தரம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இறங்கட்டுமே, ஓட ஒரு தடம் கிடைத்ததல்லவா?

புதுச்சேரிக் கல்லூரிகளுக்கு இது முன்பே நடந்தது. 1985-இல் அங்கே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அவையும் சென்னையை விட்டன.

கிரிக்கெட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். பிரெஞ்சில் படித்த எங்களுக்குப் பந்து என்றால் கால்பந்து. கிரிக்கெட் கோட்டக்குப்பம் எல்லையைத் தாண்டி வந்த விளையாட்டு. பிறகு வந்த பையன்கள் அதில் பைத்தியமானார்கள். பெரிய ஆட்டம் ஆட வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் வண்டியேற வேண்டும். 2018-19 பருவத்தில் புதுச்சேரி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் தனி அணியாக இறங்கியது. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என ஒன்பது புதிய அணிகளில் ஒன்று. எனக்கும் மகிழ்ச்சிதான்.

அணிப் பட்டியலைப் பார்த்தபோது அது பாதியாகக் குறைந்தது. ராஜஸ்தான் பங்கஜ் சிங், மும்பை அபிஷேக் நாயர், இமாச்சலப் பிரதேச பரஸ் தோக்ரா. நல்ல ஆட்டக்காரர்கள், விதிப்படி வந்தவர்கள். வெளியிலிருந்து மூன்று பேரை அழைத்துக்கொள்ள வாரியமே அனுமதித்திருந்தது. புது அணிக்கு நாலு விஷயம் சொல்லித்தரப் பெரியவர்கள் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் பருவத்திலேயே இன்னும் எட்டுப் பேரின் பதிவைக் கிரிக்கெட் வாரியம் திரும்பப் பெற்றது. வெளியூர்க்காரர்களுக்குத் தகுதி விதியைத் தளர்த்தியது சரியா என்ற புகார்தான் காரணம். பதினோரு பேர் ஆடும் விளையாட்டில் எட்டு என்பது சின்ன எண்ணா?

முன்பு சென்னை வாசலில் நின்ற பாகூர்ப் பையன், இப்போது சொந்த ஊர் வாசலிலேயே நிற்கிறான் என்றால், தனி அணி எதற்கு? லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் பணத்துக்காகப் போனார்கள், அதை மறைக்கவும் இல்லை. நாம் நம் பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தானே தனியாக வந்தோம்?

ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் கோடு போட்டவன் என்பதால் எனக்குத் தோன்றும் யோசனையும் குமாஸ்தா யோசனைதான். தனி மண்டலம், தனிச் சங்கம் என்று வாங்கிய எவரும், ஒவ்வொரு பருவமும் அணிப் பட்டியலை வெளியிடும்போது பெயருக்கு எதிரே ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கட்டும்: பத்தாம் வகுப்பு படித்த பள்ளி, ஊர். புதுச்சேரியில் தொடங்கட்டும். நம் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சேர்க்கட்டும். அதில் ஜமுனாமரத்தூர் எத்தனை முறை வருகிறது என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.